நம் ஊரை ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுவோம்: 'ஆல்வேஸ்' எங்கே வரும்? 'இன்', 'ஆன்', 'அட்' எங்கே வரும்?

கருங்கல் செவிலி:

எல்லோருக்கும் வணக்கம். வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதச் சொன்னால் யோசித்து எழுதிவிடலாம். பேச்சில்தான் நாக்கு தடுமாறுகிறது, அதுவும் குறிப்பாக இரண்டு இடங்களில். 'ஆல்வேஸ்', 'வெல்', 'வெரி மச்', 'ஒன்லி' போன்ற சொற்களை வாக்கியத்தில் எங்கே வைப்பது என்பது ஒன்று. 'இன்', 'ஆன்', 'அட்' இன்னொன்று. கேட்டல் பகுதியில் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, நூலகத்துக்கு எதிரே என்ன, மூலையில் என்ன என்று நிரப்பச் சொல்வதுண்டு. ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும்.

பயிற்சிப் புத்தகங்களில் இருப்பவை எல்லாம் இங்கிலாந்துத் தெருக்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்து வடசேரியும் தக்கலையும் வரும்படி யாராவது பயிற்சி சொல்லித்தர முடியுமா? ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதினால் நல்லது. என் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறார்.

மணிமேடை:

மகளே, நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன். முதலில் சொல் வரிசையைப் பார்த்துவிடுவோம். அது சரியானால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழில் 'நான் மீன் குழம்பை மிகவும் விரும்புகிறேன்' என்கிறோம். 'மீன் குழம்பை நான் மிகவும் விரும்புகிறேன்' என்றாலும் பொருள் மாறாது. 'ஐ' என்ற உருபு ஒட்டியிருப்பதால் குழம்பு எங்கே போய் உட்கார்ந்தாலும் அதுதான் செயப்படுபொருள். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அந்த உருபு கிடையாது. வினைக்கு அடுத்த இடத்தில் நிற்பதுதான் செயப்படுபொருள் என்பதற்கு அடையாளம். அதனால் அந்த இரண்டுக்கும் நடுவில் 'வெல்', 'வெரி மச்' போன்ற வினையடையை நுழைய விடமாட்டார்கள். 'ஐ லைக் ஃபிஷ் கறி வெரி மச்' என்பது சரி. 'ஐ லைக் வெரி மச் ஃபிஷ் கறி' தவறு. 'ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்' சரி. 'ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' தவறு.

அடுத்து, எத்தனை தடவை நடக்கிறது என்று சொல்லும் சொற்கள்: ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், நெவர். இவை முக்கிய வினைக்கு முன்னால் வரும். 'ஐ ஆல்வேஸ் டேக் த ஃபர்ஸ்ட் பஸ்.' வினை 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' ஆக இருந்தால் அதற்குப் பின்னால் வரும். 'த ஃபர்ஸ்ட் பஸ் இஸ் ஆல்வேஸ் ஃபுல்.' துணைவினை இருந்தால் இரண்டுக்கும் நடுவில். 'ஐ ஹாவ் நெவர் மிஸ்ட் இட்.' காலைப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இந்த மூன்று வாக்கியமே போதும், வாழ்க்கை முழுவதும் அதில் அடங்கிவிடும்.

'சம்டைம்ஸ்', 'யூஷுவலி' இரண்டும் வாக்கியத்தின் தலையிலும் உட்காரும். 'ஆல்வேஸ்' சாதாரணமாக உட்காராது, கட்டளை வாக்கியத்தைத் தவிர. உங்கள் மருத்துவமனைச் சுவரிலேயே இருக்குமே: 'ஆல்வேஸ் வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்.'

தோவாளைப் பிச்சி:

சார், இரண்டு மூன்று வினையடைகள் சேர்ந்து வந்தால் எது முதலில்? கல்லூரியில் 'எப்படி, எங்கே, எப்போது' என்று மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஏன் அந்த வரிசை என்று சொல்லவில்லை.

மணிமேடை:

ஏன் என்று கேட்காதே, தமிழோடு சேர்த்து வைத்துப் பார். 'நேற்று வடசேரி பஸ் நிலையத்தில் பொறுமையாகக் காத்திருந்தோம்.' இதில் எப்போது, எங்கே, எப்படி, கடைசியில் வினை. ஆங்கிலத்தில் 'வி வெய்ட்டட் பேஷன்ட்லி அட் வடசேரி பஸ் ஸ்டாண்ட் யெஸ்டர்டே.' வினை, எப்படி, எங்கே, எப்போது. கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே திரும்பி நிற்கிறது. எழுவாயை மட்டும் முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, தமிழ் வாக்கியத்தை வாலிலிருந்து தலைக்கு வாசித்தால் ஆங்கில வரிசை வந்துவிடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. போதல், வருதல் போன்ற வினைகளுக்கு 'எங்கே' என்பது வினையோடு ஒட்டிக்கொள்ளும். 'வி வென்ட் டு திருவனந்தபுரம் பை டிரெயின்.' இங்கே 'பை டிரெயின்' பின்னால் போய்விட்டது பார்.

'யெஸ்டர்டே'யைத் தூக்கி முன்னால் வைத்தாலும் குற்றமில்லை. காலத்துக்கு மட்டும் அந்தச் சலுகை தாராளமாக உண்டு.

தோவாளைப் பிச்சி:

அப்படியானால் 'அம்மா தினமும் அதிகாலையில் சந்தையில் வேகமாகப் பூக்கட்டுகிறார்' என்பது 'மை மதர் டைஸ் ஃபிளவர்ஸ் குயிக்லி அட் த மார்க்கெட் எர்லி எவ்ரி மார்னிங்'. சரிதானே? 'ஃபிளவர்ஸ்' வினையை விட்டு நகரவில்லை, 'குயிக்லி' அதற்குப் பின்னால்.

மணிமேடை:

முழு மதிப்பெண்.

மார்த்தாண்டம் தேன்கடை:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்க வேண்டும். சார் சொல்வது இலக்கணப்படி சரியாக இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் எதிரில் நிற்கும்போது வாக்கியத்தை வாலிலிருந்து தலைக்குத் திருப்பிக்கொண்டிருந்தால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். விளவங்கோட்டுப் பக்கம் எத்தனை பேர் மலையாளம் சரளமாகப் பேசுகிறோம்! யாராவது இலக்கணம் படித்தா பேசினோம்? பேசிப் பேசித்தான் வந்தது.

அதோடு, ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வுக்கு நான்கு அளவுகோல்கள்: சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. நான்குக்கும் ஒரே எடை. ஒரு 'இன்'னுக்காகத் திக்கி நின்றால் இலக்கணத்தில் கிடைப்பதைச் சரளத்தில் இழக்கவேண்டியதுதான்.

பேச்சிப்பாறை டியூஷன்:

தேன்கடை அண்ணன் சொன்ன தேர்வுக் கணக்கு சரி. மலையாள உதாரணம்தான் சரியில்லை. மலையாளத்திலும் வினை கடைசியில்தான் வருகிறது. வினையடை அதற்கு முன்னால்தான். சொற்களை மாற்றினால் போதும், வரிசையைத் தொடவேண்டியதில்லை. ஆங்கிலம் வரிசையையே புரட்டுகிறது. கேட்டுக் கேட்டுப் பழகினால் வரும்தான், ஆனால் மலையாளம் வந்த வேகத்தில் வராது.

செவிலி அக்கா கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு நான் மாவட்டப் படத்தைச் சுவரில் ஒட்டிவைத்துத்தான் இதை நடத்துகிறேன். நம்முடைய 'இல்' எல்லாவற்றுக்கும் வரும்: பையில், சுவரில், பஸ் நிலையத்தில். ஆங்கிலக்காரர் அதை மூன்றாகப் பிரிக்கிறார். நாலு பக்கமும் சூழ்ந்திருந்தால் 'இன்'. ஒரு பரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் 'ஆன்'. வெறும் ஒரு புள்ளியாக நினைத்தால் 'அட்'. 'இன் நாகர்கோவில்', 'ஆன் த வால்', 'அட் த பஸ் ஸ்டாண்ட்'.

இடம் பெரிதா சிறிதா என்பது இதை முடிவுசெய்வதில்லை, பேசுகிறவர் அதை எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் முடிவுசெய்கிறது. சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயிலில் வருகிறவர் 'த டிரெயின் ஸ்டாப்ஸ் அட் நாகர்கோவில்' என்பார். அவருக்கு அது பாதையில் ஒரு புள்ளி. அங்கே குடியிருப்பவர் 'ஐ லிவ் இன் நாகர்கோவில்' என்பார். ஊர் ஒன்றுதான்.

குளச்சல் கரை:

கடல் பக்கத்துக்காரன் நான், கொஞ்சம் சேர்க்கிறேன். கப்பல் வேலைக்குப் போன புதிதில் எங்களில் பலரும் 'மை பிரதர் இஸ் இன் த சீ' என்று சொல்வோம். வெள்ளைக்கார அதிகாரி முகம் வெளுத்துவிடும். அவர் காதுக்கு அது 'அண்ணன் தண்ணீருக்குள் கிடக்கிறான்' என்று கேட்கும். தொழிலுக்காகக் கடலில் இருப்பது 'அட் சீ'. அதற்கு நடுவில் 'த' கூட வராது.

படகுக்கும் கணக்கு உண்டு. கட்டுமரத்துக்குப் பக்கச் சுவர் இல்லை, அதன்மேல்தான் உட்கார்கிறோம், ஆகவே 'ஆன்'. வள்ளத்துக்குள் இறங்கி உட்கார்கிறோம், ஆகவே 'இன்'. பெரிய கப்பலில் நடமாடலாம், அதனால் திரும்பவும் 'ஆன்'. பஸ், ரயில், விமானம் எல்லாம் இந்தக் கப்பல் கட்சி. கார், ஆட்டோ இரண்டும் வள்ளம் கட்சி. எழுந்து நின்று நாலு அடி நடக்க முடியுமென்றால் 'ஆன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்ட நேரத்துப் பஸ்ஸில் ஓர் அடிகூட நடக்க முடியாது, இருந்தாலும் 'ஆன்'தான்.

'குளச்சல் இஸ் ஆன் த கோஸ்ட்.' கரையைவிட்டு விலகிக் கடலுக்குள் இருப்பதற்கு 'ஆஃப் த கோஸ்ட்'. இது இரண்டு எஃப் போடும் 'ஆஃப்'. 'உடைய' என்ற பொருளில் வருவதை 'ஆவ்' என்று எழுதிக்கொள்வோம், இல்லாவிட்டால் தமிழ் எழுத்தில் இரண்டும் கலந்துவிடும்.

பேச்சிப்பாறை டியூஷன்:

இந்த 'ஆஃப்' பாடப்புத்தகத்தில் அதிகம் கண்ணில் படாது. நமக்கோ அதற்கு நல்ல உதாரணம் கண்முன்னால் நிற்கிறது. 133 அடித் திருவள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. 'த ஸ்டாச்சூ ஸ்டாண்ட்ஸ் ஆன் எ ராக் ஆஃப் த கோஸ்ட்.' ஒரே வாக்கியத்தில் 'ஆன்', 'ஆஃப்' இரண்டும் முடிந்தது. 2024 டிசம்பர் 30 அன்று திறந்த கண்ணாடிப் பாலம் 77 மீட்டர் நீளம். சிலைக்கும் விவேகானந்தர் மண்டபத்துக்கும் 'பிட்வீன்'. பாலத்தில் நிற்கும்போது நீங்கள் 'ஆன் த பிரிட்ஜ்', கடல் 'அண்டர் யுவர் ஃபீட்'.

மாத்தூர் தொட்டிப்பாலத்தை எடுத்தால் வகுப்பு முழுவதும் ஓடும். தண்ணீர் தொட்டிக்குள் ஓடுகிறது: 'இன் த டிரஃப்'. பாலம் பரளியாற்றுக்கு மேலே போகிறது: 'ஓவர் த ரிவர்'. ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பள்ளத்தாக்கைக் கடக்கிறது: 'அக்ராஸ் த வேலி'. நாம் அதன் நீளத்தில் நடக்கிறோம்: 'அலாங் த அக்விடக்ட்'. பிள்ளைகள் 'ஓவர்', 'ஆன்' இரண்டையும் குழப்புவார்கள். பாலம் ஆற்றைத் தொடவில்லை, 115 அடி உயரத்தில் இருக்கிறது, ஆகவே 'ஆன் த ரிவர்' வராது என்றால் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

மணிமேடை:

திசையையும் இங்கேயே முடித்துவிடலாம். 'இன் த சவுத் ஆவ்' என்றால் உள்ளே, தென்பகுதியில். 'டு த சவுத் ஆவ்' என்றால் வெளியே, தெற்குப் பக்கத்தில். 'கன்னியாகுமரி இஸ் இன் த சவுத் ஆவ் தமிழ்நாடு.' 'த மால்டீவ்ஸ் ஆர் டு த சவுத்-வெஸ்ட் ஆவ் இந்தியா.' 1956 நவம்பர் 1-க்கு முன்னால் கல்குளமும் விளவங்கோடும் தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் ஆகிய நம் தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் தென்கோடி. அன்றைக்கு அந்த மாநிலத்தைச் சொல்லி 'இன் த சவுத்' என்றிருப்பார்கள். நவம்பர் 1 அன்று அவை அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும், கேரளத்தைச் சொன்னால் 'டு த சவுத்' என்றாகிவிட்டது. மண் ஓர் அங்குலம் நகரவில்லை.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு இன்னும் வேடிக்கை. 'இட் இஸ் இன் தமிழ்நாடு, பட் இட் இஸ் அண்டர் த கேரளா கவர்ன்மென்ட்.' இடத்துக்கு 'இன்', நிர்வாகத்துக்கு 'அண்டர்'. வகுப்பில் இதைச் சொன்னால் போதும், பாடத்தை விட்டுவிட்டு அரைமணி நேரம் வாதம் நடக்கும்.

கருங்கல் செவிலி:

சார், அண்ணன்மார் எல்லோருக்கும் நன்றி. 'அட் சீ' கேட்டு அம்மா சிரித்தார். மாமா கடல் தொழில்தான். இரண்டு சந்தேகம். எங்கள் தொழிலில் 'வார்டில்', 'படுக்கையில்', 'நெஞ்சில்' என்று நாள் முழுவதும் சொல்லவேண்டியிருக்கிறது. அதற்கு மேலே சொன்ன கணக்கு பொருந்துமா? 'எதிரே' என்பதற்கு 'இன் ஃப்ரன்ட் ஆவ்' சொல்வதா, 'ஆபோசிட்' சொல்வதா?

மணிமேடை:

பெரும்பாலும் பொருந்தும். வலி உள்ளே: 'பெயின் இன் த செஸ்ட்'. தடிப்பு தோலின் மேலே: 'ரேஷ் ஆன் த ஆர்ம்'. போர்த்திக்கொண்டு படுத்திருக்கும் நோயாளி 'இன் பெட்'. படுக்கையின்மேல் வைத்த கோப்பு 'ஆன் த பெட்'. கணக்குக்கு அடங்காததும் உண்டு. இங்கிலாந்துச் செவிலியர்கள் 'ஆன் த வார்ட்' என்பார்கள். வார்டு நாலு சுவருக்குள் இருக்கிறதே, 'இன்' அல்லவா என்று அவர்களிடம் வாதாடாதே. உள்நோயாளியாகச் சேர்ந்திருப்பவர் 'இன் ஹாஸ்பிடல்'. வேலைக்காகவோ பார்க்கவோ போனவர் 'அட் த ஹாஸ்பிடல்'. இவற்றைத் தொடராகவே மனத்தில் போட்டுக்கொள்ளவேண்டியதுதான். இந்த இடத்தில் தேன்கடைக்காரர் கட்சிக்கு நான் பாதி வந்துவிடுகிறேன்: பேசித்தான் பழகவேண்டும்.

'எதிரே' நல்ல கேள்வி. நடுவில் சாலையோ நடைபாதையோ இருந்து, இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நின்றால் 'ஆபோசிட்'. அதே பக்கத்தில், வாசலுக்கு முன்னால் நின்றால் 'இன் ஃப்ரன்ட் ஆவ்'. மருத்துவமனை வாசலில் நிற்கும் ஆட்டோ 'இன் ஃப்ரன்ட் ஆவ் த ஹாஸ்பிடல்'. சாலைக்கு அந்தப் பக்கமுள்ள மருந்துக்கடை 'ஆபோசிட் த ஹாஸ்பிடல்'. தமிழில் இரண்டுக்கும் 'எதிரே' என்றே சொல்லிவிடுகிறோம். வரைபடக் கேள்வியில் இதை மாற்றிப் புரிந்துகொண்டால் பெயர் வேறு கட்டத்தில் போய் விழும். 'மூலை'யும் அப்படித்தான். அறைக்குள் இருக்கும் மூலை 'இன் த கார்னர்'. தெருமுனை 'ஆன் த கார்னர்' அல்லது 'அட் த கார்னர்'.

தோவாளைப் பிச்சி:

சார், 'தான்' என்பதற்கு 'ஒன்லி' போடலாமா? எங்கள் விடுதியில் எல்லோரும் 'ஐ ஆம் இன் த ரூம் ஒன்லி' என்றே பேசுகிறார்கள்.

மணிமேடை:

இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். தேர்வில் வேண்டாம். நம் 'தான்' அழுத்தம் கொடுக்கிறது. 'ஒன்லி' எல்லை போடுகிறது, அதாவது 'மட்டும்'. 'அறையில்தான் இருக்கிறேன்' என்பதற்கு 'ஐ ஆம் இன் த ரூம்' என்று 'ரூம்'மை அழுத்திச் சொன்னாலே போதும். மருந்து விஷயத்தில் இதைக் கவனிக்கவேண்டும். 'டேக் ஒன்லி ஒன் டேப்லெட் ஆஃப்டர் ஃபுட்' என்றால் ஒரே ஒரு மாத்திரை. 'டேக் ஒன் டேப்லெட் ஒன்லி ஆஃப்டர் ஃபுட்' என்றால் வெறும் வயிற்றில் கூடாது. எந்தச் சொல்லுக்கு எல்லை போடுகிறாயோ அதன் தலைமாட்டில் 'ஒன்லி'யை வை.

ஆரல்வாய்மொழிக் காற்று:

தாமதமாக வருகிறேன். 'ஹார்ட்', 'ஹார்ட்லி' பற்றி யாரும் பேசவில்லையே? 'எல்ஒய்' ஒட்டினால் எல்லாம் வினையடை ஆகிவிடும் என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். 'த விண்ட் ப்ளோஸ் ஹார்ட் இன் ஆரல்வாய்மொழி' என்றால் காற்று பலமாக வீசுகிறது. 'த விண்ட் ஹார்ட்லி ப்ளோஸ்' என்றால் காற்றே இல்லை. காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே அப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 'லேட்', 'லேட்லி'யும் இப்படித்தான். 'ஷி கேம் லேட்' என்றால் தாமதமாக வந்தாள், 'லேட்லி' என்றால் அண்மைக்காலமாக. 'ஃபாஸ்ட்'டுக்கு 'ஃபாஸ்ட்லி' என்று ஒன்று இல்லவே இல்லை.

பேச்சிப்பாறை டியூஷன்:

பயிற்சி ஒன்று தருகிறேன். யாராவது ஆங்கிலத்தில் சொல்லுங்கள். 'சிலை கரைக்கு அப்பால் ஒரு பாறையில் நிற்கிறது. மண்டபம் பக்கத்துப் பாறையில் இருக்கிறது. பயணிகள் வழக்கமாகப் படகில் அங்கே போகிறார்கள். கடல் சீறும்போது படகுகள் ஒருபோதும் ஓடுவதில்லை. நேற்று நாங்கள் படகுத்துறையில் பொறுமையாகக் காத்திருந்தோம்.'

கருங்கல் செவிலி:

'த ஸ்டாச்சூ ஸ்டாண்ட்ஸ் ஆன் எ ராக் ஆஃப் த கோஸ்ட். த மெமோரியல் இஸ் இன் த நெக்ஸ்ட் ராக். டூரிஸ்ட்ஸ் யூஷுவலி கோ தேர் பை போட். த போட்ஸ் நெவர் ரன் வென் த சீ இஸ் ரஃப். வி வெய்ட்டட் பேஷன்ட்லி அட் த ஜெட்டி யெஸ்டர்டே.'

மணிமேடை:

நன்று. இரண்டாவது வாக்கியத்தில் மட்டும் 'இன்'னை 'ஆன்' ஆக்கு. 'இன் த ராக்' என்றால் பாறையைக் குடைந்து உள்ளே கட்டியதாக ஆகிவிடும். அது குடைவரைக் கோயிலுக்குப் பொருந்தும், 1970-இல் பாறைமேல் கட்டிய மண்டபத்துக்குப் பொருந்தாது. 'நெவர்' இருக்கும் இடம் மிகச் சரி. 'நெவர்' வந்தபின் 'டோன்ட்' சேர்க்காமல் விட்டாயே, அதையும் கவனித்தேன்.

மார்த்தாண்டம் தேன்கடை:

சார் பாதி என் கட்சிக்கு வந்ததால் நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். வெளியூர்க்காரர்களுக்குக் கடை இருக்கும் இடத்தை ஆங்கிலத்தில் எழுதி அனுப்பவேண்டும். கடை மேம்பாலத்துக்குக் கீழே, சாலையோரம். 'பிலோ த ஃப்ளைஓவர்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

பேச்சிப்பாறை டியூஷன்:

'அண்டர் த ஃப்ளைஓவர்' என்று மாற்றுங்கள் அண்ணா. நேர் அடியில் இருப்பதற்கு அதுதான் வழக்கு. 'பிலோ' என்றால் தாழ்வான மட்டத்தில் எங்கேயோ என்றும் எடுத்துக்கொள்ளலாம். பாலமோ நீளமானது, 'அண்டர்' மட்டும் போட்டால் அடியில் உள்ள அத்தனை கடைகளிலும் தேடுவார்கள். எதிரே என்ன இருக்கிறது?

மார்த்தாண்டம் தேன்கடை:

சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு துணிக்கடை. என் வாசலில் எப்போதும் ஆட்டோக்கள் நிற்கும்.

கருங்கல் செவிலி:

இதை நான் சொல்கிறேன். 'மை ஷாப் இஸ் ஆன் த மெயின் ரோடு, அண்டர் த ஃப்ளைஓவர், ஆபோசிட் எ டெக்ஸ்டைல் ஷாப். தேர் ஆர் ஆல்வேஸ் ஆட்டோஸ் இன் ஃப்ரன்ட் ஆவ் இட்.' துணிக்கடையின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள் அண்ணா. மார்த்தாண்டத்தில் துணிக்கடை என்று மட்டும் சொன்னால் யாருக்கும் வழி தெரியாது.